ஒரு வாய் சோற்றுக்கு ஒரு மணி நேரப் போராட்டமா? அடம்பிடிக்கும் குழந்தையைச் சாப்பிட வைப்பது எப்படி?

"என் பிள்ளை எதுவுமே சாப்பிட மாட்டேங்குது..." குழந்தைகள் நல மருத்துவர்களிடம் அடிக்கடி வரும் புகார் இது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவது, செல்போனில் கார்ட்டூன் போட்டுக் காட்டுவது, கடைசியில் மிரட்டி வாயில் திணிப்பது என பல வீடுகளில் சாப்பாட்டு நேரமே சண்டை நேரமாகிவிடுகிறது. குழந்தைகள் ஏன் இப்படி அடம்பிடிக்கிறார்கள்? பெற்றோர் என்ன செய்யலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு வயதுக்குப் பிறகு பசி குறைவது ஏன்?

பிறக்கும்போது 3 கிலோ இருக்கும் குழந்தை, முதல் பிறந்தநாளின்போது சுமார் 9 கிலோ இருக்கும். அதாவது ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. ஆனால், இரண்டாம் ஆண்டு முழுவதும் சேர்த்தே 2 முதல் 2.5 கிலோ வரைதான் எடை கூடும். வளர்ச்சியின் வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. "போன வருஷம் நல்லா சாப்பிட்டானே" என்று பெற்றோர் பதறுவதற்கு இதுதான் காரணம்.

இதோடு, 2 வயதை ஒட்டி புதிய உணவைக் கண்டாலே மறுக்கும் குணமும் வந்துவிடும். குறிப்பாக, கீரை, காய்கறிகளின் லேசான கசப்பு குழந்தைகளுக்குப் பிடிக்காது. பெரும்பாலான குழந்தைகளிடம் இது வந்து போகும் ஒரு கட்டம்தான்.

யாருக்கு எந்தப் பொறுப்பு?

இந்தப் பிரச்னைக்கு அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் எலின் சாட்டர் எளிமையான ஒரு வழியைச் சொல்கிறார். என்ன உணவு, எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு சாப்பிடுவது என்பதைக் குழந்தை முடிவு செய்ய வேண்டும்.

நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. "என்னடா வேணும், நூடுல்ஸா, பிஸ்கட்டா?" என்று குழந்தையிடம் கேட்கிறோம், எத்தனை வாய் என்பதை நாம் எண்ணுகிறோம். வயிறு நிறைந்த பிறகும் திணித்தால், போதும் என்று உடல் சொல்வதைக் குழந்தை கவனிக்காமல் போகும். அந்த உணவின் மீதே வெறுப்பும் வரலாம்.

"பால் குடிக்கிறானே, போதாதா?"

சோறு சாப்பிடாத குழந்தைக்கு டம்ளர் டம்ளராகப் பால் கொடுப்பது பலரும் செய்யும் தவறு. பாலில் கால்சியம் அதிகம். ஆனால் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலிலேயே வயிறு நிறைந்தால் சாப்பாடு இறங்காது, ரத்தசோகையும் வரலாம். ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு சுமார் அரை லிட்டர் பாலே போதுமானது.

இதை அலட்சியமாக விட முடியாது. 2019-21ல் நடத்தப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை உள்ளது. இதற்குப் பல காரணங்கள் இருந்தாலும், இரும்புச்சத்துக் குறைபாடு முக்கியமானது. ரத்தசோகையே பசியைக் குறைக்கும் என்பதால், சாப்பிடாத குழந்தை மேலும் சாப்பிடாமல் போகும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* மூன்று வேளை உணவு, நடுவில் இரண்டு முறை சிற்றுண்டி என நேரம் வகுத்துக்கொள்ளுங்கள். இடையில் பிஸ்கட், சிப்ஸ், ஜூஸ் வேண்டாம்.

* தட்டில் கொஞ்சமாக வையுங்கள். 2 வயதுக் குழந்தைக்கு ஒவ்வொரு பதார்த்தத்திலும் 2 டேபிள்ஸ்பூன் போதும். கேட்டால் மறுபடி வைக்கலாம்.

* புதிய உணவை, பிடித்த உணவோடு சேர்த்து வையுங்கள். ஒருமுறை துப்பினால் விட்டுவிட வேண்டாம். பழகுவதற்கு 10, 15 முறைகூட ஆகலாம்.

* பருப்பு சாதத்தில் முருங்கைக்கீரை, தோசை மாவில் கேழ்வரகு, அவித்த முட்டை என மாற்றி மாற்றிக் கொடுங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யாவில் உள்ள வைட்டமின் சி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும்.

* குடும்பத்தோடு உட்கார வைத்து, தானே எடுத்துச் சாப்பிட விடுங்கள். சிந்தினால் திட்ட வேண்டாம்.

* 20, 30 நிமிடங்களில் தட்டை எடுத்துவிடுங்கள். "காய் சாப்பிட்டா சாக்லேட்" என்று பேரம் பேசினால், காய் தண்டனை, சாக்லேட் பரிசு என்றே குழந்தைக்குப் பதியும்.

* செல்போனைத் தள்ளி வையுங்கள். திரையைப் பார்த்து வாய் திறக்கும் குழந்தைக்கு ருசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது.

முழு வேர்க்கடலை, முழு திராட்சை போன்றவை தொண்டையில் அடைக்கலாம் என்பதால், சிறு குழந்தைகளுக்கு அப்படியே கொடுக்கக் கூடாது. அழும்போது வாயில் உணவைத் திணிப்பதும் ஆபத்து.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

எடை குறைவது அல்லது மாதக்கணக்கில் கூடாமல் இருப்பது, சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுவது, தொடர் வாந்தி அல்லது மலச்சிக்கல், சோர்வு, முகம் வெளிறுவது, மண், சாக்பீஸ் தின்பது, நாலைந்து உணவுகளைத் தவிர வேறு எதையுமே தொடாதது ஆகியவை இருந்தால் தாமதிக்க வேண்டாம். மருத்துவர் சொல்லாமல் பசி மருந்தோ, சத்து டானிக்கோ வாங்கிக் கொடுக்கக் கூடாது.

ஒரு வேளை சாப்பாட்டை வைத்து முடிவு செய்யாமல், ஒரு வாரத்தில் என்னென்ன சாப்பிட்டது என்று பாருங்கள். அங்கன்வாடியிலோ, மருத்துவமனையிலோ எடையைப் பார்த்து வளர்ச்சி அட்டையில் குறித்து வாருங்கள். எடை சீராகக் கூடி, குழந்தையும் ஓடியாடி விளையாடினால், மிச்சம் வைத்த அந்த ரெண்டு வாய்க்காகப் பயப்பட வேண்டியதில்லை.