மாளிகைமேடும் அடகுச் சீட்டும்

உடையார்பாளையம் வட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகே, மாளிகைமேடு என்றோர் இடம் இருக்கிறது. பெயரிலே மாளிகை இருக்கிறது. மண்ணிலே மேடுதான் இருக்கிறது. கங்கைக் கரை வரை படை செலுத்திய முதலாம் இராசேந்திரன், 1025ஆம் ஆண்டையொட்டித் தலைநகரைத் தஞ்சையிலிருந்து இங்கே மாற்றினான். கடல் கடந்த நாடுகளும் அஞ்சிய அந்த மன்னனின் அரண்மனையிலே, அகழ்வாராய்ச்சியாளர் தோண்டி எடுத்து நமக்குக் காட்டியவை செங்கற் சுவர்களின் அடித்தளமும் உடைந்த ஓடுகளுந்தான்!

ஆனால், அதே மன்னன் வெட்டிய சோழகங்கம் எனும் பேரேரி அரண்மனையைவிட நெடுநாள் வாழ்ந்தது. வெற்றியின் நினைவாகக் கல்லிலே தூண் நாட்டாமல் நீராலே தூண் நாட்டினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைப் புகழ்கிறது. இன்று பொன்னேரி என வழங்குவது அதுவே. இன்னொரு செய்தியும் உண்டு. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்தபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் அணைக்குப் பயன்படுத்தினர். பழஞ்சின்னத்தைச் சிதைத்தது முறையன்று. எனினும், உலகம் வியக்க அடுக்கிய கல் உழவன் வயலுக்கு நீர் தேக்கிய காட்சி, நமக்கொரு பாடம் சொல்லாமலில்லை. பிறர் மெச்சச் செய்த செலவு மேடாகிறது. பிறர் வாழச் செய்த செலவு ஏரியாகிறது.

சோழர் மறைந்தனர். பின்னொரு காலத்தில் உடையார்பாளையம் ஒரு பாளையமாயிற்று. பல்லக்கும் பரிவட்டமும், கட்டியக்காரனும் புகழ்மாலையும் பாளையக்காரரின் பெருமைக்கு அடையாளங்களாயின. அந்த அவை கலையைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. கச்சி யுவரங்கரின் ஆதரவிலேதான் கனம் கிருஷ்ணையரின் இசை இங்கே செழித்தது. ஆனால், அந்தப் பெருமையின் வலிமை எவ்வளவு? கப்பப் பாக்கியைக் காரணம் காட்டி 1765இல் ஆர்க்காட்டு நவாபின் படை ஆங்கிலேயர் துணையோடு வந்தபோது, அரியலூர்ப் பாளையக்காரரும் உடையார்பாளையத்துப் பாளையக்காரரும் ஊரைவிட்டே ஓடித் தரங்கம்பாடியில் அடைக்கலம் தேட நேர்ந்தது. பல்லக்கு பாதுகாக்கவில்லை, பரிவட்டம் படையாகவில்லை. பின்னர், 1817இல், கும்பெனியார் தந்த சன்னதின் வழியே 65 ஊர்கள் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தன. பாளையம் ஜமீனாயிற்று. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அந்த முறையும் முடிந்தது.

பல்லக்கு ஒழிந்தது. பல்லக்கு ஆசை ஒழிந்ததா?

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். மன்னனுக்கும் ஜமீன்தாருக்கும் ஆடம்பரம் என்பது ஆட்சிக் கருவி. கண்டவர் மலைக்க வேண்டும். மலைத்தவர் பணிய வேண்டும். பணிந்தவர் வரி செலுத்த வேண்டும். அந்தச் செலவுக்குப் பணம் கொடுத்தது யார்? ஆடியவனல்லன், அண்ணாந்து பார்த்தவன்! ஊரார் பணத்தில் உலா வந்தவரைப் பார்த்து, அதே உலாவைத் தன் பணத்தில் நடத்த முயல்கிறான் நம் உழவன். அரண்மனைக்கு 65 ஊர்கள் இருந்தன. இவனுக்கோ மானாவாரி நிலம் இரண்டு காணியும், ஒரு முந்திரித் தோப்பும் இருக்கின்றன. மகள் திருமணம் மூன்று நாள் பேசப்படுகிறது. அதற்காக வாங்கிய கடனோ முப்பது ஆண்டு பேசுகிறது. பந்தலைப் பிரித்தவுடன் விருந்தினர் போய்விடுகின்றனர். அடகுச் சீட்டு மட்டும் பெட்டியிலே தங்கிவிடுகிறது.

“போதுமென்ற மனம் வேண்டும்” என்று இவனுக்கு உபதேசிக்கச் சிலர் வருவர். எச்சரிக்கை, தோழர்களே! அந்த உபதேசம் நெடுங்காலமாக ஏழைக்கு மட்டுமே செய்யப்பட்டு வந்திருக்கிறது. கூலி போதும், குடிசை போதும், கல்வி வேண்டாம் என்று அடக்கி வைப்பதற்கு அது வசதியான மந்திரம். 1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஒடுக்கப்பட்ட மக்கள் பொன் நகையும் வெள்ளி நகையும் அணியக்கூடாது, முழங்காலுக்குக் கீழே ஆடை தொங்கக்கூடாது என்று ஆதிக்கச் சாதியார் தடைகள் விதித்தனர். அந்தத் தடையை மீறி அணிந்த நகை ஆடம்பரமன்று, உரிமை முழக்கம். ஆகவே, உரிமையைக் கைவிடுவதை மனநிறைவு என்று நாம் ஒருபோதும் ஒப்பமாட்டோம். நகை அணியும் உரிமை எல்லோர்க்கும் வேண்டும். நகைக்காக நிலத்தை இழக்கும் அடிமைத்தனம் எவர்க்கும் வேண்டாம்.

வள்ளுவர் இதை நன்கறிந்திருந்தார். வரவின் அளவறிந்து வாழும் நெறியை அவர் எங்கே வைத்தார்? துறவறத்திலா? அன்று, பொருட்பாலில், அரசியலில், ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வைத்தார். அளவோடு வாழ்க என்ற அறிவுரை முதலில் அரசனுக்கு! ஏழையை அடக்கும் விலங்காக அதை மாற்றியவர்கள் பின்னே வந்தவர்கள்.

மனநிறைவுக்குத் தன்மான இயக்கம் தந்த பொருள் வேறு. 1928இல், அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில், பெரியார் தலைமையில், புரோகிதரும் மந்திரமும் இல்லாத முதல் தன்மானத் திருமணம் நடந்தது. வைதிகத்தோடு வீண்செலவையும் அந்த மேடை எதிர்த்தது. ஊர் சிரித்தது, உறவு முறைத்தது. அத்தகைய திருமணம் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. மணமக்கள் அஞ்சவில்லை, இயக்கம் சோரவில்லை. 1967இல் அண்ணாவின் அரசு சட்டத்தைத் திருத்தியது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலும், மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் திருமணம் நிறைவுறும். இரண்டு மாலைகளின் விலையில் ஒரு குடும்பம் தொடங்கலாம் என்பதற்கு நாட்டின் சட்டமே சான்று!

சட்டம் இருக்கிறது. மனம் வந்ததா? வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்தது. வரதட்சணை ‘சீர்’ என்ற பெயரில் உலவுகிறது. 1995 செப்டம்பரில், அன்றைய முதலமைச்சரின் வளர்ப்பு மகனுக்குச் சென்னையில் நடந்த திருமணம், ஒன்றரை இலட்சம் பேர் கலந்துகொண்ட விருந்துக்காகக் கின்னஸ் புத்தகத்திலே ஏறியது. சுக்கிலநத்தத்து எளிய பந்தல் எங்கே? அந்தப் பேரரங்கு எங்கே? அரியணை கிடைத்தவுடன் அரண்மனைப் பழக்கமும் திரும்பி வந்துவிட்டது. அதைக் கண்டு மலைத்த ஊர்களில், மண்டபமும் மின்விளக்கும் வண்ணப் பதாகையும் மானத்தின் அளவுகோல்களாயின. மொய் வரும் என்று கடன் வாங்குகிறார்கள். வந்த மொய்யோ, நாளை திருப்பிச் செய்ய வேண்டிய இன்னொரு கடன்!

“நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்ற கேள்விதான் நம் வீட்டுத் திண்ணையிலே அமர்ந்திருக்கும் பாளையக்காரன். அவனுக்குக் கப்பம் கட்டியே நம் வயல்கள் போகின்றன. அந்த நாலு பேரில் ஒருவராவது வட்டி கட்ட வருவாரா? பெண்ணுக்குப் போட்ட நகை அடகுக்கடைக்குப் போகலாம். பெண்ணுக்குத் தந்த கல்வியை எந்தக் கடைக்காரன் அடகு பிடிப்பான்?

மனநிறைவு என்பது கிடைத்தது போதும் என்று குனிவதன்று. பிறர் மதிப்புக்காக ஏங்காமல் நிமிர்வது. திருமணச் செலவைப் பாதியாக்கினால் ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போகும். ஒரு காணி கடனில்லாமல் இருக்கும். அடுத்த திருமணத்துக்கு நாள் பார்ப்பதற்கு முன், உடையார்பாளையத்து உழவன் ஒருமுறை மாளிகைமேட்டுக்குப் போய்வரட்டும். அங்கிருந்து பொன்னேரிக் கரைக்கும் நடக்கட்டும். தன் வியர்வைப் பணத்தை மேடாக்குவதா, ஏரியாக்குவதா என்று அங்கே அவனே முடிவு செய்யட்டும்!