எல்லையை எழுதுவது யார்? தீவுகளின் மின்சாரமும் கெர்னலின் அலைவெண் வரம்பும்

2013 டிசம்பர் 31 அன்று, ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடத்தின் வழியே தென்னக மின்தொகுப்பு நாட்டின் பிற தொகுப்புகளுடன் இணைந்தது. அன்றுமுதல் இந்தியப் பெருநிலப்பரப்பு முழுவதும் ஒரே அலைவெண்ணில் துடிக்கிறது. 2014 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மின்தொகுப்பு விதித் திருத்தம், அந்தத் துடிப்பு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. இந்த ஒருமைக்கு வெளியே நிற்பவை அந்தமான் நிக்கோபார் தீவுகள். பெருநிலத்திலிருந்து அங்கே மின்தடம் ஏதும் செல்லவில்லை. கப்பலில் வரும் டீசலே நெடுங்காலமாக முதன்மை எரிபொருள். வடக்கு அந்தமானில் 5.25 மெகாவாட் கல்பாங் நீர்மின் நிலையமும், தெற்கு அந்தமானில் நெய்வேலி என்.எல்.சி. நிறுவனம் 2020இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்த 20 மெகாவாட் சூரியமின் நிலையமும் அதற்குத் துணை. தனித்து நிற்கும் ஒவ்வொரு தீவும் தன் 50 ஹெர்ட்ஸைத் தானே காத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காவலைச் செய்யும் கருவியின் பெயர் கவர்னர். ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவிப் பொறிக்குப் பொருத்திய சுழல்குண்டுகளிலிருந்து அதன் நவீன வரலாறு தொடங்குகிறது. மாக்ஸ்வெல் 1868இல் அதற்குக் கணித வடிவம் தந்தார். நான்கு துருவ டீசல் ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 1500 சுற்றுகள் சுழன்றால் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். மாலையில் விளக்குகள் எரியத் தொடங்கிச் சுமை ஏறும்போது சுழற்சி தளரும். கவர்னர் கூடுதல் எரிபொருளை விட்டு அதை மீட்கும். சுமை எப்படி மாறினாலும் அலைவெண் மாறக் கூடாது என்பதே அதன் அறம்.

அந்த மின்சாரத்தில் இயங்கும் கணினிக்குள்ளும் ஒரு கவர்னர் உண்டு. லினக்ஸ் கெர்னலில் செயலியின் அலைவெண்ணைத் தேர்ந்தெடுக்கும் நிரல்பகுதிக்கும் அதே பெயர்தான். பணியோ நேர் எதிரானது. இங்கே அலைவெண் சுமையைப் பின்தொடர்ந்து மாற வேண்டும். காரணம் இயற்பியலில் இருக்கிறது. செயலியின் இயங்குநிலை மின்செலவு, அலைவெண்ணுடனும் மின்னழுத்தத்தின் இருமடியுடனும் உயர்கிறது. அலைவெண்ணை மட்டும் குறைத்தால் வேலை நீளுமே தவிர, அந்த வேலைக்கான ஆற்றல் பெரிதாகக் குறையாது. அலைவெண் தாழ்வதால் மின்னழுத்தத்தையும் தாழ்த்த முடியும் என்பதில்தான் சேமிப்பு இருக்கிறது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் மார்க் வைசரும் அவருடைய சகாக்களும் 1994இல் இதனை இயங்குதளத்தின் கடமையாக முன்வைத்தனர். இன்டெலின் ஸ்பீட்ஸ்டெப், ஏ.எம்.டி.யின் பவர்நவ், டிரான்ஸ்மெட்டாவின் லாங்ரன் ஆகியவை 2000ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்தபோது அக்கருத்து வன்பொருளாயிற்று.

2004 அக்டோபர் இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அம்மாதம் இன்டெல் தன் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 செயலியைக் கைவிட்டது. அலைவெண்ணைக் கூட்டிக்கொண்டே போகும் பாதையை வெப்பம் அடைத்துவிட்டிருந்தது. அதே மாதம் வெளிவந்த லினக்ஸ் 2.6.9இல், வெங்கடேஷ் பல்லிபாடி முதன்மையாகப் பங்களித்த ‘ஆன்டிமாண்ட்’ கவர்னர் இடம்பெற்றது. அலைவெண்ணை உயர்த்தும் போட்டி ஓய்ந்த மாதத்திலேயே, அதை ஆளும் கலை பொதுவழக்காயிற்று. பின்னர் 2016இல், கெர்னலின் பணிப்பகிர்வுக் கணக்கையே நேரடியாகப் பயன்படுத்தும் ‘ஷெட்யூட்டில்’ கவர்னர் 4.7 பதிப்பில் சேர்ந்தது.

கவர்னர் அலைவெண்ணைத் தேர்கிறது; ஆனால் எந்த வரம்புக்குள் தேர்வது என்பதைத் தீர்மானிப்பவர்கள் பலர். மின்கலத்தைக் காக்க விரும்பும் பயனர் உச்சத்தைத் தாழ்த்தக் கேட்கிறார். வெப்ப இயக்கி, செயலி சூடேறும்போது அதே உச்சத்தை இன்னும் தாழ்த்துகிறது. ஏ.சி.பி.ஐ. வழியாகக் கணினியின் நிலைபொருளும் தன் உச்சத்தை அறிவிக்கிறது. கெர்னலில் இவை அனைத்தும் சேருமிடம் ‘பாலிசி’ எனப்படும் அமைப்பு. அதில் கீழெல்லை ஒன்று, மேலெல்லை ஒன்று. அந்த எண்களுக்குப் பலர் உரிமை கோரினர்.

தொடக்கக் காலத் தீர்வு, அறிவிப்புச் சங்கிலி. பாலிசி மறுகணிப்புக்கு வரும்போதெல்லாம் கெர்னல் குரல் கொடுக்கும். பதிவுசெய்த இயக்கிகள் ஒவ்வொன்றாக வந்து அதே எண்ணைத் திருத்திவிட்டுச் செல்லும். இம்முறை வேலை செய்தது. ஆனால் யார் எதைக் கேட்டார்கள் என்ற பதிவு அதில் இல்லை. இறுதி எண் மட்டும் மிஞ்சியது. கோரிக்கை ஒன்றைத் திரும்பப் பெற வேண்டுமானால், முழுச் சங்கிலியையும் மீண்டும் ஓட்டிப் பார்ப்பதே வழி.

இதை மாற்றியது 2019ஆம் ஆண்டின் சீரமைப்பு. அலைவெண் துணை அமைப்பின் பராமரிப்பாளர்களுள் ஒருவரான விரேஷ் குமார் செய்த பணியின் வழியே, லினக்ஸ் 5.3இல் வரம்புகள் தனித்தனிக் கோரிக்கைகளாகப் பதிவாகத் தொடங்கின. ஒவ்வொரு தரப்பும் தன் கோரிக்கையை மட்டுமே மாற்றலாம். பிறருடையதைத் தொட முடியாது. கீழெல்லைக் கோரிக்கைகளில் பெரியதும், மேலெல்லைக் கோரிக்கைகளில் சிறியதும் நடைமுறைக்கு வரும். கீழெல்லை மேலெல்லையைத் தாண்டினால், கீழெல்லையே இறங்க வேண்டும். வேகம் வேண்டும் என்பவருக்கும் வெப்பம் தாங்காது என்பவருக்கும் இடையிலான வழக்கில் பின்னவர் பக்கமே தீர்ப்பு.

ஆனால் அச்சீரமைப்பிலும் ஒரு பிழை இருந்தது. கோரிக்கைகள் செயலி என்னும் சாதனத்துடன் கட்டப்பட்டிருந்தன; வரம்போ, பல செயலிகளை ஒன்றாக ஆளும் பாலிசிக்கு உரியது. ஒரே கடிகாரத்தைப் பகிரும் நான்கு செயலிகளில் ஒன்றின் பெயரில் மட்டும் மனு எழுதினால், மற்றவற்றின் நிலை என்ன? அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த 5.4இல், ரஃபேல் விசோக்கி கோரிக்கைகளைப் பாலிசியுடனேயே இணைத்து இதைச் சரிசெய்தார். மனு எந்த ஆட்சிப்பரப்பைப் பற்றியதோ, அங்கேயே அதைப் பதிய வேண்டும் என்ற எளிய நீதி அது.

இதைத் தீவுகளின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 2020 ஆகஸ்ட் 10 அன்று, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை–அந்தமான் கடலடி ஒளியிழை வடம் திறந்துவைக்கப்பட்டது. தரவைப் பொறுத்தவரை தீவுகளின் தனிமை அன்று பெருமளவு குறைந்தது; மின்சாரத்தைப் பொறுத்தவரை அது நீடிக்கிறது. வடம் கொண்டுவரும் ஒவ்வொரு புதிய சேவையும், தீவிலேயே விளைய வேண்டிய மின்சாரத்தைக் கேட்கிறது. ஈரமும் வெப்பமும் மிகுந்த அவ்வூர்களில், செயலி உமிழும் சூடு அதைத் தணிக்கும் குளிரூட்டியின் செலவாகவும் திரும்புகிறது.

எனவே அலைவெண் வரம்பு என்பது நிரலாளரின் நுணுக்கம் மட்டுமன்று. அது பங்கீட்டின் கேள்வி. சூரியமின் தகட்டின்மேல் மேகம் கடக்கும்போது, பெருநிலத் தொகுப்பு அதை உணர்வதே இல்லை. சிறு தீவின் தொகுப்போ உடனே தள்ளாடும். தெற்கு அந்தமான் நிலையத்துடன் 8 மெகாவாட்-மணி மின்கலச் சேமிப்பும் சேர்த்து நிறுவப்பட்டதன் தேவை அங்கிருந்தே புரியும். சிறிய அமைப்பில் ஒவ்வொரு கோரிக்கையும் கண்ணுக்குத் தெரிகிறது. பெரிய அமைப்பில் அது மறைந்துவிடுகிறது. கெர்னல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டு கற்றதும் இதையே. வரம்பு இருந்தால் மட்டும் போதாது. அதை யார், எதற்காகக் கேட்டார் என்பது பதிவாகியிருக்க வேண்டும். கேட்டவர் விலகும்போது அந்த வரம்பும் அவருடன் விலக வேண்டும். பதிவற்ற வரம்பு, காரணம் மறைந்த பின்னும் நிலைத்துவிடுகிறது. தொழில்நுட்ப வரலாற்றை ஆராய்வோர் எண்களைப் படிப்பதோடு நிற்காமல், அவ்வெண்களின்மேல் உரிமை கோரிய தரப்புகளையும் சேர்த்துப் படிக்க வேண்டியது இதனால்தான்.