தொட்டி நிலச்சம்பங்கி

நிலச்சம்பங்கி, மாடியிலும் பால்கனியிலும் தொட்டியில் வளர்க்க ஏற்ற கிழங்குப் பூச்செடி. தாயகம் மெக்சிகோ. முன்பு போலியாந்தஸ் டியூபரோசா எனப்பட்ட இதைத் தாவரவியலார் இப்போது கற்றாழைப் பேரினமான அகேவில் சேர்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் சத்தியமங்கலம் வட்டாரம் இதன் சாகுபடிக்குப் பெயர்பெற்றது.

ஆரணி, வெம்பாக்கம் போன்ற சமவெளி ஊர்களின் வெயில் இதற்குப் பிடித்தமானது. துலிப் கிழங்கோ பூப்பதற்கு வாரக்கணக்கில் குளிர் கேட்கும்; 2007இல் ஸ்ரீநகரில் திறக்கப்பட்ட துலிப் தோட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டு அதைச் சமவெளியில் நடுவது காசுக்குக் கேடு.

செம்மண், மட்கிய தொழுவுரம், தென்னைநார்க் கழிவு கலந்த கலவை நிரப்பிய ஓரடி ஆழத் தொட்டி போதும். அடியில் வடிகால் துளை கட்டாயம். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். முனை மேல்நோக்கியிருக்க, சுமார் 5 செ.மீ. ஆழத்தில் நடவேண்டும். தினமும் ஆறு மணிநேரமாவது நேர்வெயில் பட்டால் மூன்று மாதம் கடந்து பூந்தண்டு எழும். மணம் இரவில் கூடும்.

ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. பக்கக் கிழங்குகளே அடுத்த தலைமுறை.

மாலைக்கு ஓரடுக்கு இதழ்ப் பூ ஏற்றது, பூச்சாடிக்கு ஈரடுக்கு. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பிரஜ்வல் ஓரடுக்கு வகை, சுவாசினி ஈரடுக்கு.