காட்டுப்பள்ளியில் எடை பார்த்த மத்ஸ்யா

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்தோ பொன்னேரியிலிருந்தோ காட்டுப்பள்ளிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கன்டெய்னர் லாரிகளின் பின்னால்தான் போக வேண்டியிருக்கும். தெற்கே எண்ணூர், வடக்கே பழவேற்காடு, நடுவில் துறைமுகம், அதையொட்டி எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளம். 2025 ஜனவரி 27 முதல் பிப்ரவரி 12 வரை அந்தத் தளத்தின் நீரில் ஒரு வாகனம் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. பெயர் மத்ஸ்யா 6000. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்காகப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கியது. உலக அளவில் ஐந்தே நாடுகள் செய்திருக்கிற வேலை. அந்த வாகனம் திருவள்ளூர் மாவட்டத்துக் கரையில் முதல் முறை நனைந்தது என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களே அவ்வளவாகப் பேசவில்லையே என்பது என் ஆதங்கம்.

துறைமுகத்தில் ஆழம் கொஞ்சம்தான். 6,000 மீட்டருக்கான வாகனத்துக்கு அங்கே என்ன சோதனை என்று கேட்கலாம். முதல் சோதனையே மிதப்புதான். ஆழத்துக்குப் போகும் எதற்கும் மூழ்குவது பெரிய காரியமில்லை. கனம் இருந்தால் போதும். மேலே வருவதற்குத்தான் கணக்கு வேண்டும்.

முத்துக்குளித்த தூத்துக்குடிக்காரர்கள் இதை அறிந்திருந்தார்கள். கல்லைக் காலில் கோத்து வேகமாக இறங்குவார்கள்; அடியில் கல்லை விட்டுவிடுவார்கள். ஆள் இலேசாகிவிடுவார். இன்று ஸ்கூபா முக்குளிப்பவர் இலேசாவதற்கு, கல்லை விடுவதற்குப் பதில், முதுகில் ‘விங்’ என்ற காற்றுப்பையை மாட்டிக்கொள்கிறார். அதை வாங்கும்போது நிறத்தையும் பெயரையும் பார்ப்பதைவிட, எத்தனை கிலோ தூக்கும் என்று பார்ப்பதே முக்கியம். நம் வெதுவெதுப்பான கடலுக்கு மெல்லிய உடையும் ஒற்றை அலுமினிய சிலிண்டரும் போதும். அதற்கு 12 முதல் 14 கிலோ தூக்கும் விங் தாராளம். இரட்டை எஃகு சிலிண்டர் கட்டுகிறவருக்கு 20 கிலோ அளவுக்குத் தேவைப்படும். பெரியதே பாதுகாப்பு என்று நினைத்து வாங்கினால், பாதி நிரம்பிய பைக்குள் காற்று அங்குமிங்கும் ஓடி ஆளைச் சாய்க்கும்.

இந்தக் காற்றுப்பைக்கு ஓர் எல்லை உண்டு. 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரு மடங்கு. பையில் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கிவிடும். 6,000 மீட்டரில் அழுத்தம் ஏறக்குறைய 600 மடங்கு. அங்கே காற்றை நம்பி யாரும் மேலே வர முடியாது. 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் மரியானா அகழியின் அடியைத் தொட்ட ‘திரியெஸ்த்’ கலத்தில் அதனால்தான் மிதவைக்குள் பெட்ரோலை நிரப்பியிருந்தார்கள். பெட்ரோல் தண்ணீரைவிட இலேசு, அழுத்தத்தில் அதிகம் சுருங்குவதில்லை. இறங்குவதற்கு இரும்புக் குண்டுகள். ஏற வேண்டிய நேரத்தில் அவற்றைக் கொட்டிவிட்டார்கள்.

மத்ஸ்யாவில் பெட்ரோலின் இடத்தில் சின்டாக்டிக் ஃபோம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடியான கண்ணாடிக் குமிழிகளை எபாக்ஸியில் குழைத்து இறுகவிட்ட பொருள் அது. கையில் தட்டினால் கட்டைபோல இருக்கும். ஆழத்திலும் நசுங்காமல் தூக்கிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு தூக்க வேண்டும்? ஆட்கள் உட்காரும் கோளத்தை எடுத்துக்கொள்வோம். இறுதி ஆழத்துக்கான டைட்டானியம் கோளத்தின் உள்விட்டம் 2.1 மீட்டர், சுவரின் தடிமன் 80 மில்லிமீட்டர். வெறும் ஓட்டின் எடை ஏறக்குறைய ஐந்தேகால் டன் வரும். அது ஒதுக்கும் கடல்நீர் 6 டன்னுக்குச் சற்று மேல். ஆக, அந்தக் கோளம் தானாகவே மிதக்கும். அதே தடிமனில் எஃகால் செய்தால் 9 டன்னைத் தாண்டி, கல்லாக இறங்கிவிடும். விலையும் வெல்டிங் சிரமமும் பாராமல் டைட்டானியத்தைத் தேடிப் போவதற்கு அதன் வலுவோடு இந்த இலேசும் ஒரு காரணம். ஆனால் கதவு, ஜன்னல், மூன்று ஆட்கள், பேட்டரிகள், மோட்டார்கள் எல்லாம் சேரும்போது அந்த மிச்ச மிதப்பு கரைந்துபோகிறது. அந்தக் குறையை நிரப்பத்தான் ஃபோம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கடலடியில் தண்ணீரே இறுகுகிறது. மேலே 10 டன் நீரை ஒதுக்குகிற, சுருங்காத ஒரு பொருள் 6,000 மீட்டரில் கால் டன்னுக்கும் மேல் கூடுதலாகத் தூக்கப்படும். எடையை நீரிலேயே ஏற்றவும் குறைக்கவும் வழி இல்லாவிட்டால் வாகனம் ஓரிடத்தில் நிற்காது.

மத்ஸ்யாவின் பயணம் ஒரே தாவலில் நடக்கவில்லை. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஆழ்கடல் திட்டத்துக்கு 4,077 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு அக்டோபரில், ஆளில்லாத எஃகுக் கோளம் ஒன்றை ‘சாகர் நிதி’ கப்பலிலிருந்து வங்கக் கடலில் 600 மீட்டர் வரை இறக்கிப் பார்த்தார்கள். பிறகு 500 மீட்டர் ஆழத்துக்கான எஃகுக் கோளத்தோடு வாகனத்தைப் பூட்டி, கரையில் சோதித்து, காட்டுப்பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். மிதப்பு, சாயாமல் நிற்பது, முன்னும் பின்னும் நகர்வது, மின்சாரம், உள்ளே மனிதர் மூச்சுவிடும் ஏற்பாடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஆளில்லாமலும் இறக்கினார்கள், ஆட்களை வைத்தும் இறக்கினார்கள். ஆழம் குறைந்த துறைமுக நீரில் குரல் தொடர்பு நினைத்த அளவுக்கு அமையவில்லை. அதையும் மறைக்காமல் அறிக்கையில் சொன்னார்கள். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. 2023 ஜூனில் டைட்டானிக்கைப் பார்க்கப் போன ‘டைட்டன்’ நசுங்கி ஐந்து பேர் இறந்த பிறகு, படிப்படியான இந்த நிதானத்துக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

2025 ஆகஸ்டில் இந்தியர் இருவர் பிரான்சின் ‘நோட்டீல்’ வாகனத்தில் அட்லாண்டிக்கின் அடிக்குப் போய்வந்தார்கள்: ராஜு ரமேஷ் 4,025 மீட்டர், ஜதிந்தர் பால் சிங் 5,002 மீட்டர். நம் வாகனத்துக்கு அடுத்த படி 500 மீட்டர். டைட்டானியம் கோளம் அதற்குப் பின்னால். 12 மணி நேரப் பயணத்துக்கு வடிவமைத்து, அவசரத்துக்கு 96 மணி நேர மூச்சுக்காற்றை வைத்திருக்கிறார்கள்.

தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். எஃகுக் கோளத்தின் வேலை முடிந்ததும் அதை ஏதோ ஒரு கிடங்கில் போட்டுவிடாதீர்கள். பழவேற்காட்டிலோ பொன்னேரியிலோ ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் கும்மிடிப்பூண்டி ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் உள்ளே ஏறி உட்கார்ந்து பார்க்கட்டும்.