குலவழிப் புற்றுநோயும் அறிவின் வழியும்

ஒரு குலத்திற் பலர் ஒரே நோயால் மாள்வதைப் பண்டை மக்கள் ஊழெனக் கொண்டனர். அது ஆராயத்தக்கதென அறிஞருலகம் உணர்தற்கு நெடுங்காலஞ் சென்றது. 1866 ஆம் ஆண்டிற் பிரான்சிய மருத்துவர் போல் புரோக்கா, தம் மனைவியின் குடும்பத்திற் காணப்பட்ட மார்புப் புற்றுநோயைத் தலைமுறை வாரியாக வகுத்து வெளியிட்டார். ஆயினும் இவ்வாராய்ச்சியின் வளர்ச்சியைத் தெளிவுறக் காட்டுவது ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் குடும்பமொன்றின் வரலாறேயாம்.

1895 இல் அங்குத் தையற்றொழில் செய்த பெண்ணொருத்தி, தன் குலத்தார் பலரைப்போலத் தானும் புற்றுநோயால் இளமையில் இறப்பது உறுதியென நோயியலறிஞர் ஓல்ட்ரட் வார்தினிடம் கூறினாள். அவர் அச்சொல்லைப் புறக்கணித்தாரல்லர். ஜேர்மனியிலிருந்து குடியேறிய அக்குலத்தின் வரலாற்றைத் திரட்டி 1913 இல் வெளியிட்டார். இரைப்பையிலும் கருப்பையிலும் நோய் மிக்கிருந்தமை அதனாற் புலனாயிற்று. அப்பெண்ணும் தான் அஞ்சியவாறே கருப்பைப் புற்றுநோயால் மாண்டாள்.

பரம்பரை பற்றிய அறிவு அக்காலத்திற் கொடுமைக்குந் துணைபோயிற்று. அதே 1913 இல், அரச நிலையங்களில் வாழ்ந்த மனநலங் குன்றியோரை மலடாக்க மிச்சிகன் மாநிலம் சட்டமியற்றிற்று. வார்தினும் அவ்வினமேம்பாட்டுக் கொள்கையை ஆதரித்தவரே. இதற்கு மாறான நெறியை வகுத்தவர் மினசோட்டாப் பல்கலைக்கழகத்து ஷெல்டன் றீட் ஆவர். 1947 இல் ‘பிறப்புரிமை ஆலோசனை’ என்னும் பெயரை வழங்கிய அவர், உண்மையை விளக்குதல் ஆலோசகர் கடன் என்றும், முடிவு செய்தல் குடும்பத்தாரின் உரிமை என்றும் கொண்டார்.

1966 இல் ஹென்றி லிஞ்ச் என்னும் மருத்துவர் இத்தகைய வேறிரு குடும்பங்களைப் பற்றி எழுதினார். பின்னர் வார்தினின் ஏடுகள் அவர் கைக்கு வந்தன; 1971 இல் அப்பழைய குடும்பத்தின் வரலாறு மீண்டும் வெளிவந்தது. குலவழி வருவதெனப் பலர் ஏற்கத் தயங்கினர். 1993 இல் எம்.எஸ்.எச்.2 என்னும் பரம்பரையலகு கண்டறியப்பட்டது. உயிரணு பெருகும்போது டி.என்.ஏ.யிற் படியும் எழுத்துப்பிழைகளைத் திருத்துதற்கு அது உதவுகின்றது. தையற்காரியின் குலத்தில் அவ்வலகே பழுதுற்றிருந்தமை 2000 ஆம் ஆண்டிற் புலப்பட்டது.

பெற்றோருள் ஒருவரிடம் அப்பழுது இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது செல்லும் வாய்ப்புப் பாதியாகும். சென்றடைவது நோயன்று, நோய்க்கு எளிதில் ஆட்படும் இயல்பே. அதனையறிந்தோர் உரிய காலத்திற் குடலைப் பரிசோதித்துக் காத்துக்கொள்ளலாம்; பழுதில்லாதோர் வீணச்சம் நீங்கலாம். பரிசோதனையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பின்பாற்பட்டன. அன்று ஒருத்தி விதியென மொழிந்தது, இன்று அவள் குலத்தார்க்குக் காலத்தே கிடைக்கும் எச்சரிக்கையாயிற்று.