மெய்நிகர் உலகில் இருப்புணர்வு: ஒரு வரலாற்று நோக்கு

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896-ஆம் ஆண்டு டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் வணிக ரப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கமாயிற்று. அதன்பின் எழுந்த லயன் வீடுகள் பல இன்று இல்லை. உம்பாய் முதலிய ஊர்களில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அவ்விடங்களை மெய்நிகர்க் காட்சியாகக் கட்டித் தரலாம் என்னும் எண்ணம் இப்போது நம்மிடையே எழுகிறது. கட்டலாம். ஆயின், கருவியைக் கண்ணில் அணிந்த பிள்ளை ‘படம் பார்க்கிறேன்’ என்று சொல்லுமா, ‘தோட்டத்தில் நிற்கிறேன்’ என்று சொல்லுமா?

படம் தெளிவாக இருந்தாற் போதும் என்று எண்ணுகிறோம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1968-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து வெளியிட்ட தலைக்கருவி காட்டியவை வெறும் ஒளிக்கோட்டு உருவங்களே. எனினும் காண்பவர் தலையைத் திருப்பத் திருப்பக் காட்சியும் அதற்கேற்ப மாறியதால், அவ்வுருவம் அறைக்குள் தன்னிடத்தில் நிலைத்து நிற்பதாகத் தோன்றியது.

நம்மை மிகவும் கவர்ந்த சான்று வேறொன்று. 2002-இல் வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், மெய்நிகர் அறையொன்றின் நடுவே ஆழ்ந்த பள்ளம் காட்டப்பட்டது. அதைக் கண்டோரின் இதயத் துடிப்பு விரைந்தது. மெய்யான தரையில் ஒன்றரை அங்குல உயர மரப்பலகையை இட்டு, பள்ளத்தின் விளிம்பைக் காலால் உணரச் செய்தபோது அத்துடிப்பு இன்னும் மிகுந்தது. கூடியது ஒரு பலகைதான்!

2009-இல் மெல் சிலேட்டர் இதனை இரண்டாகப் பகுத்தார். ‘இங்கு இருக்கிறேன்’ என்னும் மயக்கம் ஒன்று. ‘இங்கு நிகழ்வது மெய்யாகவே நிகழ்கிறது’ என்னும் மயக்கம் மற்றொன்று. முன்னதற்கு நம் உடலசைவுக்குக் காட்சி ஈடுகொடுக்க வேண்டும். பின்னதற்கு அவ்வுலகம் நமக்கு மறுமொழி தரவேண்டும். பொய்யென்று அறிந்திருந்தும் இம்மயக்கங்கள் நீங்குவதில்லை.

ஆகவே லயன் வீட்டுச் சுவரின் வண்ணத்தில் நாள்களைச் செலவிட வேண்டியதில்லை. (படமெடுப்பது எளிது, அதனாலேயே அதை முதலிற் செய்கிறோம்.) விடியுமுன் பெரட்டு மணி எத்திசையிலிருந்து கேட்டது? நிரையில் மரத்துக்கு மரம் எத்தனை எட்டு? காண்டாவில் பால் வாளிகள் தொங்கத் தோளின் எவ்விடம் நொந்தது? எதிரே வந்தவர் என்ன முறை சொல்லி அழைத்தார்? இவை ஒளிப்படங்களில் இல்லை. பால்மரம் வெட்டிய நம் பாட்டிமாரிடம் இருக்கின்றன. அவர்களுட் பலர் எண்பதைக் கடந்துவிட்டனர். அளவு நாடாவும் ஒலிப்பதிவுக் கருவியும் கொண்டு அவர்களிடம் செல்லும் பணியை வருகிற பள்ளி விடுமுறையிலேயே தொடங்கிவிடலாம்.