பாக்கு நீரிணைக் கப்பற் சேவையும் தனிவழிப் பயணியும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஓய்வை நாடி ஒருவர் தனியே கப்பலேறிச் செல்வதை நாம் பொதுவாக அவரவர் மனப்பாங்கைச் சார்ந்த செயலாகவே கருதுகின்றோம். சமூக வரலாற்று நோக்கில் இது முழுமையான விளக்கமாகாது. தனியே புறப்படுவதற்குக் கையிற் பணமும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் வேண்டும். தம் பெயரிலமைந்த பயணப் பத்திரங்கள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் திரும்பிவரும் உரிமை வேண்டும். இவை யாருக்கு எக்காலத்தில் வாய்த்தன என்பதைத் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நடைபெற்ற பயணிகள் கப்பற் சேவையைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1914 பெப்ரவரியிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து மார்ச்சில் இக்கப்பற் சேவை ஆரம்பமாயிற்று. அதற்கு முன்னர் தென்னிந்திய இரயிற் பாதையின் பயணிகள் தூத்துக்குடியிலிருந்தே கொழும்புக்குக் கப்பலேறினர். புதிய வழியிலோ கடற்பயணம் ஏறக்குறைய 22 மைலாகக் குறுகியது. கேர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என இராசப்பிரதிநிதிகளின் பெயர் தாங்கிய நீராவிக் கப்பல்கள் இரு கரைகளின் புகையிரதங்களையும் இணைத்தன. 'போட் மெயில்' என மக்கள் வழக்கில் நிலைத்த இவ்விணைப்பு, பயணிகளின் வசதியை மட்டும் கருதி அமைக்கப்பட்டதன்று. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழகக் கிராமங்களிலிருந்து தொழிலாளரைத் தடையின்றிக் கொண்டுவருதல் குடியேற்ற நாட்டுப் பொருளாதாரத்தின் இன்றியமையாத் தேவையாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து, நோயினாலும் பசியினாலும் வழியில் மடிந்தோர் பலர் என்பதையும் ஈண்டு நினைவு கூர்தல் தகும்.

ஒரே கப்பல் ஏற்றிச்சென்ற மக்கள் ஒரே தன்மையான பயணிகளல்லர். தோட்டத் தொழிலாளர் கங்காணியின் கீழ்க் குழுவாகவே வந்தனர். மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்குட்பட்ட பின்னரே அவர்கள் கடல் கடக்க அனுமதிக்கப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தகரச் சீட்டு முறையில், தொழிலாளிக்கு வழங்கப்பட்ட தகட்டிற் பொறிக்கப்பட்டிருந்தது அவர் சேரவேண்டிய தோட்டத்தைக் காட்டும் இலக்கமே, அவர் பெயரன்று. வழிச்செலவைத் தோட்டம் முதலில் ஏற்றது. பின்னர் அது அவர் கடன் கணக்கிற் சேர்ந்தது. 1921இல் ஒழிக்கப்படும்வரை, 'துண்டு' முறையும் அக்கடனைத் தோட்டத்துக்குத் தோட்டம் தொடரச் செய்தது. ஆகவே, தொழிலாளியின் பயணம் கரையேறியவுடன் முடிந்துவிடவில்லை. அதன் விலையை அவர் உழைப்பாற் செலுத்திக்கொண்டேயிருந்தார்.

தன் பெயரிற் சீட்டுப் பெற்றுத் தனியே சென்ற பயணி இதற்கு நேர்மாறானவர். ஐரோப்பிய உத்தியோகத்தரையும் வணிகரையும் அடுத்து, ஆங்கிலக் கல்வியால் உருவான சுதேச மத்தியதர வர்க்கத்தினரும் இவ்வாய்ப்பைப் பெற்றனர். அரசாங்க எழுதுவினைஞருக்கு விடுமுறையும் புகையிரத 'வாரண்டும்' இருந்தன. கடை, அலுவலக ஊழியருக்கு ஊதிய விடுமுறையை உறுதிசெய்த சட்டம் 1954இலேயே வந்தது. சிதம்பர தரிசனம், சென்னையிற் கல்வி, உறவினர் வீட்டு மங்கலம் என்பன பயணத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்கள். வெறும் ஓய்வுக்காகச் செல்வதை ஒப்புக்கொள்ளத் தயங்கிய சமூகத்திலே யாத்திரையும் அலுவலும் உல்லாசத்துக்குப் போர்வையாயின என்பது எமது கருத்து. பெண்களைப் பொறுத்தவரை முரண்பாடு மேலும் கூர்மையானது. பெருந்தொகையான பெண்கள் தொழிலாளராக இக்கடலைக் கடந்தனர். ஆயினும் அவர்கள் குடும்பத்தினதும் கங்காணியினதும் கட்டுக்குள் நின்றே கடந்தனர்.

திரும்பிவரும் உரிமை என்னும் வினா 1939ஆம் ஆண்டு முதல் முனைப்புப் பெறுகின்றது. அவ்வாண்டில் இந்திய அரசு பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடை செய்தது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரிற் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து சென்றது. அக்கப்பலிலே, விடுமுறை கழிக்கச் சென்றவரும் நாடு கடத்தப்பட்டவரும் அருகருகே இருந்தனர். முன்னவரிடம் திரும்பிவரும் உரிமை இருந்தது. பின்னவருட் பலர், தாம் பிறந்த ஒரே மண்ணை விட்டு, முன்னொருபோதும் காணாத 'தாயகத்துக்கு' அனுப்பப்பட்டனர்.

1980களிற் போர்ச்சூழல் சேவையை முடக்கியது. கப்பல் நின்றபோதும் கடல் கடத்தல் நிற்கவில்லை; 1983இன் பின்னர் ஆயிரக்கணக்கானோர் மன்னார்க் கரையிலிருந்து மீன்பிடிப் படகுகளில் ஏதிலிகளாகச் சென்றனர். 2011இல் தொடங்கிய தூத்துக்குடி - கொழும்புச் சேவை சில மாதங்களில் நின்றது. 2023 ஒக்டோபர் 14இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கிய சேவையும் சில நாட்களில் இடைநிறுத்தப்பட்டு, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கப்பட்டது. ஏறக்குறைய 60 கடல் மைல் கொண்ட இவ்வழியை உல்லாசப் பயணத்துறையின் வளர்ச்சியாகவே பலரும் வரவேற்றனர். அவ்வரவேற்பு நியாயமானதே. ஒருவர் சிறு பையுடன் கப்பலேறி, எவருக்கும் காரணங் கூறாது, விரும்பிய நாளில் மீள முடிவது சிறிய பேறன்று.

எனினும், அப்பேற்றைத் தனிமனித விருப்பத்தின் வெளிப்பாடாக மட்டும் கொள்வது வரலாற்றைச் சுருக்குவதாகும். கப்பலின் மேற்றட்டிலிருந்து கடலை இரசித்தவரின் பயண நினைவுகள் அச்சேறியுள்ளன. தகரச் சீட்டுடன் வந்தவரின் நினைவுகளோ பெரும்பாலும் வாய்மொழியாகவே எஞ்சியுள்ளன. 1964ஆம் ஆண்டின் பின்னர் அக்கப்பலேறிய மலையக மக்களுட் பலர் முதுமை எய்திவிட்டனர். இரு கரைகளிலும் வாழும் அவர்களின் வாக்குமூலங்களைக் காலந் தாழ்த்தாது பதிவுசெய்தல் எமது ஆய்வாளர்களின் உடனடிக் கடமையாகும்.